ஓடுவதுபோல் நிற்கும் எழுத்து

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர்கள் வரிசையாக வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் புலப்படும். உடற்பயிற்சிக் கூடம், பைக் உதிரிபாகக் கடை, கிரிக்கெட் பயிற்சி மையம், கூரியர் அலுவலகம் போன்றவற்றின் பெயர்கள் தடிமனாக, வலப்பக்கம் சாய்ந்து, எங்கேயோ அவசரமாகக் கிளம்பிய தோற்றத்தில் இருக்கும். நகைக் கடையும் மருந்துக் கடையும் பாத்திரக் கடையும் பெரும்பாலும் நேராகவே நிற்கும். இப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் பலகை எழுதச் சொல்பவருக்கும் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இது பழகிப்போன ஒப்பந்தம்.

அந்தச் சாய்ந்த, தடித்த எழுத்து எப்படி உருவாகிறது, எங்கே பொருந்தும், தமிழில் அதைச் செய்யும்போது எங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கபடி அணிக்கு ஜெர்சி அடிக்கப் போகிறவர், புதிதாக ஜிம் திறக்கிறவர், ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எழுத்துருவைப் பற்றி முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த வகை எழுத்துக்கு மூன்று குணங்கள் உண்டு. கோடுகளின் முனையில் அலங்காரக் குச்சி இல்லை, கோடு தடிமன், நிற்பது சாய்வாக. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆங்கிலச் செய்தித்தாளை எடுத்து, பெரிய ‘ஐ’ எழுத்தைப் பாருங்கள். மேலும் கீழும் சின்னக் குறுக்குக் கோடு இருக்கும். அதன் பெயர் செரிஃப். அது இல்லாதது சான்ஸ் செரிஃப். அச்சு எழுத்தாக முதன்முதலில் 1816-ல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் தன் எழுத்து மாதிரி ஏட்டில் இதை வெளியிட்டார். பெரிய எழுத்துகள் மட்டும்தான் அதில் இருந்தன. சுவரொட்டிக்காரர்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் அது வசதியாக அமைந்தது. நுணுக்கமான குச்சிகள் இல்லாததால் தூரத்திலிருந்து பார்க்கும்போது எழுத்தின் உருவம் மட்டும் கண்ணில் படும். தமிழ் எழுத்துக்குச் செரிஃப் மரபு கிடையாது. நம்மிடம் இருப்பது, ஒரே எழுத்துக்குள் கோடு தடித்தும் மெலிந்தும் வருகிற புத்தக எழுத்தும், எங்கும் ஒரே தடிமனில் ஓடுகிற பலகை எழுத்தும்தான். இரண்டாவதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

தடிமனில் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுத்துரு உலகில் தடிமனை எண்ணால் குறிப்பார்கள். சாதாரண எழுத்து 400, போல்டு 700, மிகத் தடித்தது 900. விளையாட்டு சார்ந்த பெயர்களுக்கு 700-க்கு மேல்தான் பெரும்பாலும் போவார்கள். கோடு தடிக்கும்போது எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடம் சுருங்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆங்கிலத்தில் எட்டு, ஆறு, ‘ஏ’, ‘பி’ போன்ற சிலவற்றில்தான் இந்தத் தொல்லை. தமிழில் சுழிகள் நிறைய. மூன்று சுழி ‘ண’-வையும் இரண்டு சுழி ‘ன’-வையும் மிகத் தடித்த எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டும் ஒரே கரும்பட்டையாகத் தெரிந்தால் அந்தத் தடிமன் தமிழுக்கு ஆகாது. ‘இ’, ‘ஜ’, ‘ழ’, ‘ணை’ ஆகியவற்றையும் இதே சோதனைக்கு உட்படுத்தலாம். ஆங்கிலம் 900-ல் கம்பீரமாக நிற்கிற இடத்தில் தமிழை 700-ல் நிறுத்திக்கொள்வதே நல்லது. இரண்டும் சேர்ந்து வரும் பலகையில் தமிழ் மெலிந்து தெரியுமே என்றால், தமிழின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். தடிமனை ஏற்றாதீர்கள்.

கணினியில் போல்டு பொத்தானை அழுத்தினால் எல்லா எழுத்துருவும் தடிக்கும். ஆனால் அந்த எழுத்துருவில் உண்மையான போல்டு வடிவம் இல்லையென்றால், மென்பொருள் எழுத்தைச் சுற்றி வெறுமனே ஒரு கோட்டைப் பூசிவிடும். அப்போது வெளியே வீங்கும் அளவுக்கு உள்ளேயும் வீங்கும், சுழிகள் முதலில் மூச்சுத் திணறும். உண்மையான போல்டை வரைகிறவர் உள்வெளியைக் காப்பாற்ற எழுத்தையே சற்று அகலமாக்கியிருப்பார். வித்தியாசம் பெரிய ஃப்ளெக்ஸில் பளிச்சென்று தெரியும்.

சாய்வு எங்கிருந்து வந்தது

சாய்வெழுத்தின் தொடக்கத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. 1501-ல் வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டுஸ் மனூஷியஸ், வெர்ஜிலின் கவிதைகளைக் கையடக்கப் புத்தகமாகச் சாய்ந்த எழுத்தில் அச்சிட்டார். எழுத்தைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அன்றைய இத்தாலியப் படித்தவர்களின் கையெழுத்தைப் பார்த்துச் செய்தது அது. வேடிக்கை என்னவென்றால், அதில் சிறிய எழுத்துகள் மட்டும்தான் சாய்ந்திருந்தன. பெரிய எழுத்துகள் நேராகவே நின்றன. ஒரு சொல்லை அழுத்திக் காட்டச் சாய்வைப் பயன்படுத்துவது பின்னால் வந்த வழக்கம்.

வேகம் அதன்மேல் ஏறியது இயந்திர யுகத்தில். ஓட்டப்பந்தய வீரர் புறப்படும்போது முன்னே சாய்கிறார், சைக்கிள்காரர் குனிகிறார் என்பதெல்லாம் நாம் அறிந்ததே. ஆனால் ஒரு புகைப்படமும் இதில் பேசப்படுவதுண்டு. 1910-களின் தொடக்கத்தில் பிரான்சில் ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற இளைஞர் கார் பந்தயத்தைப் படம் எடுத்தார். அக்காலக் கேமராவின் திரையில் ஒரு பிளவு நகர்ந்து, படத்தைப் பகுதி பகுதியாகப் பதியும். ஒரு பகுதி பதிந்து அடுத்த பகுதி பதிவதற்குள் கார் முன்னே போய்விட்டது. அதனால் வட்டமான சக்கரம், முன்பக்கம் சாய்ந்த முட்டை வடிவமாகப் பதிந்தது. கேமராவைக் காருடன் சேர்த்துத் திருப்பியதால் பின்னால் நின்ற ஆட்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். தொழில்நுட்பக் கோளாறுதான், ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற எவருக்கும் வேகம் புரிகிறது. கார்ட்டூன் வரைகிறவர்கள் ஓடும் வண்டியின் சக்கரத்தைச் சாய்த்து வரைவது இன்றும் உண்டு.

வணிகப் பெயர்களில் இது எப்படி இறங்கியது என்பதற்கு நம் கண் முன்னாலேயே சான்றுகள் உள்ளன. 1927-ல் ஜெர்மனியின் பால் ரென்னர் வடிவமைத்த ஃப்யூச்சுரா, வட்டம், முக்கோணம் போன்ற வடிவங்களை அடிப்படையாகக் கொண்ட நிதானமான எழுத்து. அதையே தடிமனாக்கி, குறுக்கி, சாய்த்தபோது நைக்கி நிறுவனத்தின் பெயர் எழுத்தாயிற்று. நம் பக்கம் டிவிஎஸ் வண்டிகளில் நீல நிறத்தில் சாய்ந்திருக்கும் மூன்று எழுத்துகளையும் அதன் அருகே பாயும் சிவப்புக் குதிரையையும் பார்க்காதவர் இருக்க முடியாது. குதிரையை எடுத்துவிட்டாலும் அந்த எழுத்து ஓடும் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு பக்கவாட்டுச் செய்தி. இடமிருந்து வலமாகப் படிக்கும் எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்தால் முன்னோக்கிப் போவதாகத் தோன்றும். ஆனால் பஸ் நிறுத்தத்தில் நின்று, வந்து நிற்கும் பஸ்ஸின் இடப்பக்கத்தைப் பாருங்கள். பஸ்ஸின் முகப்பு உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். அதன் உடம்பில் வலப்பக்கம் சாய்ந்து எழுதிய பெயர், பஸ் போகும் திசைக்கு எதிராக, பின்பக்கம் சரிந்து கிடக்கும். நடுரோட்டிலிருந்து மறுபக்கத்தைப் பார்த்தால்தான் பெயரும் பஸ்ஸும் ஒரே திசையில் ஓடும். ஏறுகிற பயணி யாரும் இதைக் கவனிப்பதில்லை. கண்ணுக்கு வண்டியின் திசையைவிடப் படிக்கும் திசைதான் பெரிது.

சரிப்பது வேறு, வரைவது வேறு

எழுத்தை எவ்வளவு சாய்க்கலாம்? பொதுவாக 8 முதல் 14 பாகைக்குள் வைப்பார்கள். ஹெல்வெட்டிகா என்ற புகழ்பெற்ற ஆங்கில எழுத்துருவின் சாய்வு 12 பாகை. அதற்கு மேல் போனால் எழுத்து ஓடுவதை விட்டு விழப் பார்க்கும். பாகை என்றதும் பயப்பட வேண்டாம். 12 பாகை என்றால், 10 செ.மீ. உயர எழுத்தின் உச்சி, அடியைவிட ஏறத்தாழ 2.1 செ.மீ. வலப்பக்கம் தள்ளியிருக்கும். 8 பாகை என்றால் 1.4 செ.மீ.

கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தின்மேல் இரண்டாம் முறை சொடுக்கினால் ஓரங்களில் அம்புக்குறிகள் வரும். மேல் அம்பை வலப்பக்கம் இழுத்தால் எழுத்து சரியும். நோட்டுப் புத்தக அடுக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் ஒவ்வொரு நோட்டும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறதே, அதேதான் நடக்கிறது. கடைகளில் பாதிச் சாய்வெழுத்துகள் இப்படித்தான் பிறக்கின்றன. அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் இப்படித் தள்ளும்போது எழுத்தின் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கில ‘ஓ’-வை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரே தடிமனில் இருந்த வளையம், சரித்த பிறகு மேல் வலது மூலையிலும் கீழ் இடது மூலையிலும் தடிக்கும். மற்ற இரண்டு மூலைகளில் மெலியும். ‘ஏ’-யின் இடது கால் படுத்து மெலியும், வலது கால் நிமிர்ந்து தடிக்கும். நேர் கோடுகளும் கொஞ்சம் மெலியும். 12 பாகையில் 2 சதவீதம்தான், 20 பாகையில் 6 சதவீதம். குறுக்குக் கோடுகளோ அப்படியே இருக்கும். அதாவது, நேர்நிலையில் சமன் செய்து வைத்திருந்த தடிமன்கள் எல்லாம் கலைந்துபோகும். மெல்லிய எழுத்தில் இது தெரியாது. நாம் பேசுவதோ தடித்த எழுத்து, அதுவும் ஆள் உயர ஃப்ளெக்ஸில். எழுத்துரு வடிவமைப்பவர் சரித்த பிறகு ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துவார். நல்ல சாய்வெழுத்துக்குப் பணம் கேட்கிறார்கள் என்றால் அந்தத் திருத்தத்துக்குத்தான்.

தமிழில் இதற்கு மேலும் சில வேலைகள் உண்டு. நம் எழுத்துக்கு மாடியும் உண்டு, நிலவறையும் உண்டு. புள்ளி, ‘கி’ ‘கீ’ போன்றவற்றின் மேல்விலங்கு ஆகியவை மேலே. ‘பு’ ‘சு’ போன்றவற்றின் கால் கீழே. சரிக்கும்போது மேலே இருப்பது வலப்பக்கம் போகும், கீழே இருப்பது இடப்பக்கம் போகும்.

‘வெற்றி’ என்ற சொல்லையே பார்ப்போம். கோப்பை, பதாகை, ஜெர்சி எல்லாவற்றிலும் வருகிற சொல். எழுத்து 10 செ.மீ. உயரம், ‘ற்’ மேலுள்ள புள்ளி 13 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 12 பாகை சரித்தால் ‘ற’-வின் நடுப்பகுதி 1 செ.மீ. நகர, புள்ளி 2.8 செ.மீ. நகர்ந்துவிடும். நடுவில் இருந்த புள்ளி இப்போது தன் எழுத்தின் வலது ஓரத்தை நோக்கிப் போய், அடுத்த ‘றி’-யின் பக்கம் எட்டிப் பார்க்கிறது. அந்த ‘றி’-யின் விலங்கு தன் பங்குக்கு வலப்பக்கம் நீண்டு, சொல்லின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. சொல்லின் கடைசியில் புள்ளி வந்தாலும் சங்கடம்தான். ‘புயல்’ என்று ஓர் அணிக்குப் பெயர் வைத்தால் (2011-ல் தானே புயலைப் பார்த்த கடலூரில் இந்தப் பெயரின் வேகத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை) ‘ல்’ மேலிருக்கும் புள்ளி, ஒட்டாமல் தனியே தொங்கும். முதலில் வரும் ‘பு’-வின் காலோ இடப்பக்கம் இழுபட்டு எழுத்தின் வயிற்றுக்குக் கீழே மடங்கும்.

இன்னொன்று: ‘ர’-வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசம் அடியில் இருக்கும் சின்னச் சாய்கோடு மட்டும்தான். ‘எ’-க்கும் ‘ஏ’-க்கும் உள்ள வித்தியாசமும் அத்தகையதே. இந்தக் கோடுகள் ஏற்கெனவே சாய்ந்தவை. மொத்த எழுத்தும் சாய்ந்து தடிக்கும்போது இவை கோட்டோடு கோடாகக் கலந்துவிடும். நேரான எழுத்தில் தனித்துத் தெரிந்த அடையாளம் சாய்வில் தொலைகிறது.

திருத்துவது பெரிய வித்தையில்லை. எழுத்தைக் கர்வ் ஆக்கி (அதாவது, தட்டச்சு செய்த எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி), துண்டுகளாகப் பிரித்து, புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இடப்பக்கம் நகர்த்துங்கள். கணக்குப் பார்க்க வேண்டாம், கண்ணுக்குத் தன் எழுத்தின் தலைமேல் உட்கார்ந்ததாகத் தெரிந்தால் போதும். ‘ர’-வின் அடிக்கோட்டைக் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். தமிழுக்கு 12 பாகை அதிகம், 8 போதும் என்பது என் கருத்து. குறுக்குக் கோடும் வளைவும் நிறைந்த எழுத்து கொஞ்சம் சாய்ந்தாலே சாய்ந்ததாகக் காட்டிவிடும். ஆங்கிலம் 12-லும் தமிழ் 8-லும் மேலும் கீழுமாக நின்றால் பார்ப்பவருக்கு ஒரே சாய்வாகத்தான் படும்.

ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் பலகை எழுதிய பெயின்டர்களுக்கு இது கைவந்த விஷயம். அவர்கள் நேரான எழுத்தைச் சரிக்கவில்லை. சாக்பீஸால் சாய்கோடுகள் போட்டுக்கொண்டு, எழுத்தைச் சாய்வாகவே வரைந்தார்கள். புள்ளியைக் கடைசியில், பார்வைக்குச் சரியான இடத்தில் தூரிகையால் ஒற்றினார்கள். எங்கேனும் பழைய ஒர்க்‌ஷாப் சுவரில் அப்படி ஒன்று உதிராமல் இருந்தால் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். மென்பொருளில் நாம் இப்போது சிரமப்பட்டுத் திருத்துவதை அந்தக் கை தானாகச் செய்திருக்கும்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

உங்கள் தொழில் விற்பது வேகம் என்றால் சாய்க்கலாம். கூரியர், டயர், ஓட்டம், கபடி, ஜிம், சைக்கிள் எல்லாம் இதில் அடங்கும். பொறுமையையும் நம்பிக்கையையும் விற்பவர் சாய்க்கக் கூடாது. பல் மருத்துவமனைப் பலகை சாய்ந்து ஓடினால் எனக்கு உள்ளே போகப் பயமாக இருக்கும்.

விளையாட்டு என்பதாலேயே சாய்க்க வேண்டும் என்பதும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற பெத்தாங்க் ஆட்டத்தைப் புதுச்சேரியில் இன்றும் ஆடுகிறார்கள். வட்டத்துக்குள் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நின்று, 650 முதல் 800 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை நிதானமாக வீச வேண்டும். கால் தூக்கினால் தப்பு. அந்த ஆட்டக் குழுவின் பனியனில் பாய்ந்தோடும் எழுத்து எதற்கு? தடித்த, நேரான எழுத்துதான் அதற்கு அழகு. புதுச்சேரித் தெருப்பெயர்ப் பலகைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பிரெஞ்சும் தமிழும், எல்லாம் நேராக. தெரு எங்கேயும் ஓடப்போவதில்லை.

சாய்ந்த எழுத்துக்குச் சுற்றிலும் மூன்று வண்ண ஓரக்கோடு, கீழே நிழல், பின்னால் தீப்பொறி, இடப்பக்கம் வேகக் கோடுகள் என்று சேர்ப்பவர்களிடம் நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். சாய்வே வேகத்தைச் சொல்லிவிட்டது, மற்றதெல்லாம் அதன் குரலை அமுக்கும். ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பெரும்பாலும் தீப்பொறியைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஜெர்சி எண்ணில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கபடியில் எண் முன்புறம் குறைந்தது 4 அங்குலமும் பின்புறம் 6 அங்குலமும் இருக்க வேண்டும். புள்ளிக் குறிப்பவர் ஆட்டக்காரரை எண்ணைக் கொண்டுதான் பதிவு செய்கிறார். மிகத் தடித்த சாய்வில் 3, 6, 8, 9 ஆகியவை ஒன்றோடொன்று குழம்பும். 1-ம் 7-ம் நெருங்கும். கடலூர் அண்ணா மைதானமானாலும் புதுச்சேரி உப்பளம் மைதானமானாலும் பார்வையாளர் இருக்கும் தூரம் கொஞ்சமல்ல. பெயரைச் சாய்த்துவிட்டு எண்ணைக் குறைந்த சாய்வில், வளைவின் முனைகள் நன்றாக விலகி நிற்கும் வடிவில் வைப்பது புத்திசாலித்தனம். எண்ணை ஏ4 தாளில் அச்சிட்டு எதிர்ச் சுவரில் ஒட்டி, தெருவின் மறுகோடியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை இருந்தால் அதைவிட நேர்மையான நடுவர் கிடைக்காது.

கடைசியாக, எழுத்துருவுக்கு எங்கே போவது? கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில எழுத்துருக்களில் பார்லோ கண்டென்ஸ்டு, கானிட், எக்ஸோ 2 மூன்றுக்கும் உண்மையான தடித்த சாய்வு வடிவங்கள் உண்டு. மூன்றும் ஓஎஃப்எல் எனப்படும் திறந்த உரிமத்தில் வருபவை. லோகோவுக்கோ ஜெர்சிக்கோ பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டாம், எழுத்துருவையே தனியாக விற்கத்தான் கூடாது. தமிழில் முக்தா மலர், அனெக் தமிழ், பாலூ தம்பி 2 ஆகிய மூன்றும் 800 வரை தடிமன் கொண்டவை. 2022-ல் வெளிவந்த அனெக் தமிழில் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால் விளையாட்டுப் பெயர்களுக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன். ஆனால் இவற்றுக்குச் சாய்வு வடிவம் இல்லை. மேலே சொன்னபடி 8 பாகை சரித்து, புள்ளியையும் காலையும் நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும். திருத்திய கோப்பைக் கர்வ் வடிவிலேயே சேமித்து, எத்தனை பாகை, எந்த எழுத்துரு, எந்த அகலம் என்று ஒரு மூலையில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு புது ஆட்டக்காரர்கள் சேரும்போது ஜெர்சி வேறு கடையில் அடிக்க நேரலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் அம்பைப் பிடித்துத் தன் மனம்போல இழுத்தால், பதினோரு பேர் ஒரு கோணத்திலும் மூன்று பேர் இன்னொரு கோணத்திலும் சாய்ந்து நிற்பார்கள்.